விழுந்ததைச் சொல்பவர்

அவர் ஆட்களின் முகத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பார். முதலில் முன் சக்கரம். பிறகு கைபிடியின் இரண்டு நுனிகள், கண்ணாடிகள், பிறேக் லீவர், கால் வைக்கும் கட்டை. குனிந்து பின் சக்கரத்தையும் பார்த்துவிட்டுத்தான் நிமிர்வார். அதற்குள் வந்திருப்பவர் பஸ்ஸை எந்தப் பக்கத்தால் முந்துகிறவர், எத்தனை தரம் விழுந்தவர், எந்தத் தோளில் விழுந்தவர் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததைச் சொல்லாமல் விடமாட்டார். அதுதான் அவரிடம் இருந்த தொல்லை.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கிட்ட, வீடு இடிந்துபோன ஒரு வெறும் வளவில் அவர் மோட்டார் சைக்கிள் பார்க் நடத்தினார். பாதி வளவுக்குத் தகரக் கூரை, மீதிக்கு வேப்பமரம். கொண்டுவந்து விடுகிறவருக்கு இலக்கம் அடித்த ஒரு தகரத் துண்டு கொடுப்பார். அதே இலக்கத்தைச் சீற்றில் வெண்கட்டியால் எழுதுவார். நீளப் பாவாடையும் ஆண்களின் முழுக்கைச் சேட்டும்தான் அவருடைய உடை. சேட்டுப் பை வெண்கட்டித் தூளால் எப்போதும் வெளுத்துக் கிடக்கும். நாற்பது வயது இருக்கும். எல்லோரும் பார்க் அக்கா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு வெங்காயத் தோட்டத்தில் கூலி, மானிப்பாயில் பேக்கரிப் போறணை அடுப்பில் ஒன்றரை வருடம், வல்வெட்டித்துறையில் படகு. ஓரிடத்திலும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. படகு இயந்திரத்தில் இடது கைச் சின்ன விரலின் நுனி போன பிறகு, மருந்து கட்டுவதற்காகச் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டியின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அன்றைக்குத்தான் அவரை முதன்முதலாகக் கண்டேன். கையைச் சேட்டுக்குள் மறைத்து வைத்திருந்தேன்.

"கிளச் பிடிக்க ஏலாத கையோடை ஆர் உம்மை ஓடச் சொன்னது?" என்று சக்கரத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"விரலைக் கண்டனீங்களோ?"

"நான் ஏன் உம்மடை விரலைப் பாக்கிறன்? லீவர் நுனியிலை இரத்தம் காய்ஞ்சு கிடக்கு."

அடுத்த கிழமை சம்மாட்டி என்னை நிற்பாட்டிவிட்டார். அது நியாயம்தான். குறைந்த கையோடு வலை இழுக்க முடியாது. நான் நேரே பார்க்குக்கு வந்து வேலை கேட்டேன். இரவில் அந்தத் தகரக் கொட்டிலிலேயே படுக்கலாம் என்றார். ஒன்பது மாதம் அங்கே இருந்தேன்.

அங்கே விடப்படும் வண்டிகளின் கைபிடியைப் பூட்டக்கூடாது. நெருக்கி அடுக்கினால்தான் வளவு போதும். உள்ளே நிற்பதை எடுக்க வெளியே நிற்கும் நாலைந்தை நகர்த்த வேண்டும். அதனால் என் வேலை முழுவதும் தள்ளுவதும் சரிப்பதும் நிமிர்த்துவதும்தான். ஒன்று சரிந்தால் அடுத்ததில் விழும். அது அதற்கடுத்ததில் விழும். அப்படி விழுந்தால் கண்ணாடி போகும், சிக்னல் லைற் போகும், லீவர் வளையும். பிறகு சொந்தக்காரர் வந்து கத்துவார்.

கத்துகிறவர்களை அவர் கையாளும் விதத்தைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் கொழுத்த மனிதர் ஒருவர், பார்க்கில் விட்ட இடத்தில் கண்ணாடி வெடித்துவிட்டது என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"காலமை வரேக்கையே வெடிச்சிருந்தது, அண்ணை," என்றார் அக்கா.

"நான் பொய் சொல்லுறனோ?"

"நீங்கள் கண்ணாடியிலை முகம்தான் பாக்கிறியள், பின்னாலை வாற வாகனத்தைப் பாக்கிறேல்லை. அதுதான் காணேல்லை." வெடிப்பின் மேல் நகத்தால் கீறினார். நகத்தில் கறுப்பாய் அழுக்கு வந்தது. "இது ரெண்டு மூண்டு கிழமைத் தூசி. புது வெடிப்பு வெள்ளையாக் கிடக்கும். கண்ணாடிக் கம்பியும் உள்பக்கமா வளைஞ்சிருக்கு. பஸ் உரசினதோ?"

அந்த மனிதர் சத்தம் போடாமல் போய்விட்டார். மெய்தான், பஸ்தான் உரசியது. அது மனைவிக்குத் தெரியாது என்று பிறகு வாசலோரத்துக் கடலைக்காரரிடம் சொன்னாராம்.

இதெல்லாம் சாமர்த்தியம் என்று முதலில் நினைத்தேன். இரண்டு மாதம் போன பிறகு ஒரு நாள் காலை, நான் நகர்த்தும்போது பெரிய உத்தியோகத்தர் ஒருவரின் வண்டியில் கீறல் விழுந்தது. நகக்கண் அளவு. சேறு பூசியது போல இருந்ததால் அவருக்குத் தெரியவே தெரியாது. அக்கா மத்தியானம் வரையும் அந்த வண்டியை விட்டு அசையாமல் நின்று, அவர் வந்ததும் விரலால் தொட்டுக் காட்டினார். "இது எங்கடை கையாலை வந்தது, ஐயா."

உத்தியோகத்தர் அரை மணித்தியாலம் ஏசினார்.

"ஏன் அக்கா சொன்னனீங்கள்? அந்தாளுக்குத் தெரியாதே," என்றேன்.

"தெரியாதபடியாத்தான் சொல்லவேணும்," என்றார். "தெரிஞ்சவனுக்கு என்னத்துக்குச் சொல்லுறது?"

ஏச்சு வாங்குவது அவருக்கு மழையில் நனைவது மாதிரி. துடைத்துவிட்டு அடுத்த வண்டியைப் பார்ப்பார்.

ஆனால் ஆட்கள் அவருக்குப் பயந்தார்கள். ஹெல்மெற்றைக் கையில் வாங்கி வாரைப் பார்ப்பார். கடையில் சுற்றிவந்த பொலித்தீன் வாரில் இன்னும் அப்படியே இருக்கும். "பொலிசுக்குப் போடுறியளோ, மண்டைக்குப் போடுறியளோ?" என்று கேட்பார். ஸ்கூட்டரில் வரும் பெண்களின் சால்வை நுனியைக் கேட்காமலே பிடித்து இடுப்பில் முடிந்துவிடுவார். பஸ் நிற்கும்போது இடப்பக்கத்தால் நுழைகிறவர்களை இடது கைபிடி நுனியின் தேய்மானத்தில் கண்டுபிடிப்பார். "இறங்கிற சனம் உங்களுக்காகக் காத்து நிக்காது," என்பார். கோயிலைக் கடக்கும்போது ஓடியபடியே கையை எடுத்து நெஞ்சில் வைத்துக் கும்பிடுகிறவர்களை மட்டும் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. "சாமி கோவிக்காது, ரெண்டு கையாலையும் பிடியுங்கோ," என்று சொல்ல, ஆட்கள் திகைத்துப்போய் நிற்பார்கள்.

ஒரு பையன் பூசை முடித்த புதுவண்டியோடு தாயை ஏற்றிக்கொண்டு வந்தான். தாய்க்கு ஆஸ்பத்திரியில் கிளினிக். முன் லைற்றைச் சுற்றி மல்லிகை மாலை, அதன் நுனி முன் சக்கரத்துக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது. அக்கா பேசாமல் மாலையைக் கழற்றித் தாயின் கையில் கொடுத்தார்.

"எடியே, பூசை மாலையெல்லோ!"

"சில்லுக்குள்ளை போனாத் தெரியும்," என்ற அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, பழைய சைக்கிளிலை எந்தப் பக்கத்தாலை விழுந்தனீர்?" என்றார்.

பையனின் முகம் செத்துப்போனது. பழைய வண்டியை அவர் கண்டதே இல்லை. அவன் இறங்கும்போது வலது காலை எடுத்து வைத்த விதத்தைக் கண்டிருக்கிறார்.

"இடப்பக்கத்தாலை பஸ்ஸை முந்தாதையும். இன்னொருக்கா விழுவீர்."

தாய் மண்ணை வாரித் தூற்றாத குறை. மூன்றாம் நாள் அந்தப் பையன் பஸ்ஸுக்கும் மதகுக்கும் நடுவில் விழுந்து காலை முறித்துக்கொண்டான். விழுத்தியது அவனுடைய ஓட்டம். ஊர் சொன்னது கரிநாக்கு என்று. அதற்குப் பிறகு சிலர் வாசலிலேயே இறங்கி, வண்டியை என் கையில் தந்துவிட்டு, அவர் குனிய முதல் நடந்துவிடுவார்கள். சிலர் வேறு பார்க்குக்குப் போனார்கள். அவர் வண்டியைச் சுற்றிவரும் நேரத்தில் எனக்கே, இன்றைக்கு யாருக்கு என்ன சொல்லப்போகிறார் என்று இருக்கும்.

அவருடைய வீட்டில் யாராவது வீதியில் விழுந்து செத்தார்களா என்று கடலைக்காரர் ஒருநாள் கேட்டுவிட்டார்.

"செத்த ஆக்கள் இல்லாத வீடு இஞ்சை எங்கை இருக்கு, அண்ணை?" என்றார் அக்கா. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டதில்லை.

ஒரேயொருவர்தான் அவருடைய பேச்சைச் சிரித்தபடி கேட்டவர். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் வேலை. சாம்பல் நிற மோட்டார் சைக்கிள். ஒன்றரைக்கு மகளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து ஏற்ற வேண்டும் என்பதால் மத்தியானத்தில் ஓடி வருவார். அக்கா அவரை மரியாதைக்குச் சேர் என்பார்.

"சேர், முன் பிறேக் லீவரிலை தூசி படிஞ்சு கிடக்கு. நீங்கள் அதைத் தொடுறதே இல்லை."

"முன் பிறேக் பிடிச்சாக் குப்புறக் கொட்டும் எண்டு எங்கடை அப்பா சொன்னவர்."

"அப்பா ஓடினது மிதி சைக்கிள். பின் பிறேக்கை மட்டும் நம்பினா மழைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பஸ்ஸுக்குள்ளை விடும். ரெண்டையும் சேத்துப் பிடியுங்கோ. முன்னதை மெல்ல மெல்ல இறுக்குங்கோ."

வளவுக்குள்ளேயே அவரை ஓடவிட்டுப் பழக்கினார். வேப்பமரத்தில் இருந்து வாசல்வரை, நடக்கிற வேகத்தில். கடலைக்காரர் கைதட்டினார். ஒரு மாதத்தில் சேர் லீவரைக் காட்டி, "பாருங்கோ அக்கா, இப்ப மினுங்குது," என்றார். அக்கா சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். முன் பல் ஒன்று பாதி இல்லை.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு அக்கா காணி விஷயமாகப் பிரதேச செயலகத்துக்குப் போயிருந்தார். நான் தனியே. பதினொரு மணிக்கு நல்ல மழை பெய்து விட்டது. வேப்பமரத்துப் பக்கம் மண் இளகிப்போனது. பக்க ஸ்ராண்டில் நிற்கும் வண்டிகளுக்குக் கீழே நான் பலகைத் துண்டு வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. பன்னிரண்டரைக்கு ஒருவர் அவசரப்பட, உள்ளே நின்ற வண்டியை இழுத்தேன். கைபிடி பக்கத்து வண்டியின் கம்பியில் கொளுவிக்கொண்டது. இன்னும் பலமாக இழுத்தேன். வரிசை போனது. ஒன்றன்மேல் ஒன்றாக, அவசரமில்லாமல், சரிந்துகொண்டே போனது. பிடிக்க எனக்கு இரண்டு கைதான் இருந்தது.

அவசரப்பட்டவர் தன் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார். நான் எல்லாவற்றையும் நிமிர்த்தினேன். துணியை நனைத்துச் சேற்றைத் துடைத்தேன். சேரின் சாம்பல் வண்டி அடியில் கிடந்தது. அதன் முன் பிறேக் லீவர் வெளிப்பக்கமாக நன்றாக வளைந்திருந்தது. முழங்காலை முட்டுக்கொடுத்து இரண்டு கையாலும் இழுத்து நிமிர்த்தினேன். உள்ளுக்குள் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அலுமினியம் ஒருமுறை வளைந்து மறுபடி நிமிர்ந்தால் என்ன ஆகும் என்று படகு இயந்திரத்தோடு கிடந்த எனக்குத் தெரியும். பார்வைக்கு நேராகத்தான் இருந்தது. நான் மற்றப் பக்கம் போய்விட்டேன்.

ஒன்றே கால் மணிக்குச் சேர் வந்தார். துண்டைத் தந்தார். "அக்கா இல்லையோ? தப்பினன்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மானிப்பாய் வீதிப் பக்கம் போனார்.

அடுத்த நிமிடமே அக்கா வந்தார். வாசலில் நின்று என்னைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தார். சேற்றில் இழுபட்ட தடம். அதற்குள் செம்மஞ்சள் பிளாஸ்ரிக் துண்டு ஒன்று.

"எது விழுந்தது?"

"சேரின்ரை."

"வேறை?"

"வேறை இல்லை," என்றேன்.

"என்ன பழுது?"

"லீவர் வளைஞ்சது. நிமித்திவிட்டனான்."

"முன் லீவரோ?"

"ஓம்."

அவருடைய கை சேட்டுப் பைக்குப் போய் வெண்கட்டியை எடுத்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அதை மறுபடி உள்ளே வைத்தது. "ஒரு மாதமா அந்தாள் அதைத்தான் பிடிக்குது," என்றார். "நான்தான் பழக்கினனான்."

கடலைக்காரரை வாசலில் இருத்திவிட்டு, நின்ற ஓட்டோவில் ஏறினோம். அவர் சொல்லித்தான் நானும் ஏறினேன். மழை விட்டிருந்தது. வீதி கறுப்பாய் மினுங்கியது. பள்ளிக்கூடம் விடும் நேரம், மினிபஸ்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போயின. இரண்டாவது திருப்பத்துக்குப் பிறகு சாம்பல் வண்டியைக் கண்டோம். விழுந்ததில் பக்க ஸ்ராண்டின் சுருள்வில்லும் தளர்ந்துபோயிருக்கிறது. ஸ்ராண்ட் கீழே தொங்கி, குலுங்கும்போதெல்லாம் வீதியில் தட்டியது.

நான் தலையை வெளியே நீட்டி, "சே..." என்றேன். அக்கா என் வாயைப் பொத்தினார். கையில் வெண்கட்டி மணம்.

"கத்தாதையும். கத்தினாத் திரும்பிப் பாப்பார். பாத்தாப் பிறேக் பிடிப்பார்."

"போனடிப்பமே?" என்றார் ஓட்டோக்காரர்.

"ஓடிக்கொண்டிருக்கிற ஆளுக்கோ?"

"அப்ப முன்னுக்குப் போய் மறிக்கட்டோ?"

"மறிச்சா அவர் என்னத்தைப் பிடிப்பார்? பின்னாலை போங்கோ, அண்ணை. கோர்ண் அடியாதையுங்கோ. தானா நிக்கட்டும்."

அப்படியே பின்னால் போனோம். என்ன ஏது என்று அறியாத ஒரு முதுகின் பின்னால், சத்தமே போடாமல். நான் கடலில் புயலுக்குள் இருந்திருக்கிறேன். அது வேறு. அங்கே கத்தலாம்.

எங்கள் ஊரில் ஸ்ராண்டை மடக்காமல் ஓடுகிறவரைக் கண்டால் யாரும் சும்மா விடமாட்டார்கள். தெரியாத ஆளென்றாலும் கூப்பிட்டுச் சொல்வார்கள். முதலில் மரக்கறிக் கடைப் பெண் எழும்பிக் கையைக் காட்டினாள். "ஸ்ராண்ட்! ஸ்ராண்ட்!" சேர் குனிந்து பார்த்து, காலால் தட்டி மடக்கி, அவளுக்குக் கையை உயர்த்தினார். அறுபது அடி போக அது மறுபடி விழுந்தது. சைக்கிளில் வந்த பள்ளிப் பெடியள் நாலைந்து பேர் சேர்ந்து கத்தினார்கள். "அண்ணை, ஸ்ராண்ட்!" மறுபடி குனிந்தார். எதிரே வந்த லொறிக்காரர் லைற்றை வெட்டிக் காட்டினார். ஒவ்வொருவரும் அவருக்கு நல்லதுதான் செய்தார்கள். ஒவ்வொரு குரலுக்கும் அக்காவின் விரல்கள் ஓட்டோவின் கம்பியில் இறுகின.

முன்னால் போன மினிபஸ், ஆள் ஏற்ற, சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. சேரின் பின் லைற் சிவந்தது. வண்டியின் முன்பக்கம் அமிழ்ந்தது.

"முன் பிறேக்," என்றேன்.

"ஓம். மெல்ல மெல்லப் பிடிக்கிறார்," என்றார் அக்கா. "சொன்ன மாதிரியே பிடிக்கிறார்." அவருடைய குரல் எனக்குப் பயத்தைத் தந்தது.

லீவர் முறியாமல் நின்றது. அதற்குப் பிறகு இரண்டு தரம் நின்றது. பள்ளிக்கூட வாசலில் சேர் தானாகவே ஓரம் கட்டினார். மகள் வெள்ளைச் சட்டையும் பின்னலுமாக ஓடி வந்து, சின்ன ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அக்கா ஓட்டோ நிற்க முதலே இறங்கிவிட்டார்.

"இறங்குங்கோ, சேர். சைக்கிள் எங்கடை வளவிலை விழுந்திட்டுது. லீவர் வளைஞ்சு நிமித்தினது. இதாலை ஓட ஏலாது."

சேர் லீவரை அழுத்திப் பார்த்தார். இரண்டு தரம், மூன்று தரம். ஒன்றும் ஆகவில்லை. "நல்லாத்தானே கிடக்கு? இவ்வளவு தூரம் ஓடி வந்தனான், அக்கா."

"ஓடி வந்தது உங்கடை நல்ல காலம். பிள்ளையை இறக்குங்கோ."

"பின்னேரம் திருத்திற கராச்சிலை காட்டுறன். மழை வரப்போகுது." அவர் வண்டியை இயக்கிவிட்டார்.

அக்கா லீவரை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் பாரத்தை முழுவதும் கொடுத்துக் கீழே தொங்கினார். அது முறிந்தது. துண்டு தெறித்து என் காலடியில் விழுந்தது.

வாசலில் நின்ற தாய் தகப்பன்மார் எல்லோரும் திரும்பினார்கள். "உமக்கு விசரோ? பப்ளிக் றோட்டிலை மற்றவன்ரை சாமானை உடைக்கிறீரோ?" என்று சேர் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. யாரோ, "உவ அந்தப் பார்க் மனிசி. தான் சொன்னது பலிக்கவேணும் எண்டு தானே உடைக்கிறா," என்றார்கள். ஒரு கிழவர் காறித் துப்பினார்.

நான் குனிந்து துண்டை எடுத்தேன். முறிந்த முகத்தில் ஒரு ஓரம் மட்டும் வெள்ளையாய் மின்னியது. மற்றதெல்லாம் ஈரச் சேறு. எங்கள் வளவுச் சேறு. முக்கால்வாசி நான் நிமிர்த்தியபோதே வெடித்திருந்தது. அதை உயர்த்திக் காட்டியிருந்தால் வாசல் முழுவதும் வாயை மூடியிருக்கும். ஆனால் யார் விழுத்தியது, யார் நிமிர்த்திவிட்டுப் பேசாமல் நின்றது என்று அடுத்த கேள்வி வரும். நான் துண்டைக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன்.

"பின்னேரம் புதுசு பூட்டித் தாறன், சேர். இப்ப உருட்டிக்கொண்டு போங்கோ," என்றார் அக்கா. என்னைக் காட்டவில்லை.

சேர் வண்டியை உருட்டிக்கொண்டு போனார். மகள் ஹெல்மெற்றைக் கழற்றாமலேயே பக்கத்தில் நடந்தாள். "அப்பா, ஏன் அந்த அன்ரி உடைச்சவ?" என்று கேட்பது கொஞ்சத் தூரம்வரை கேட்டது.

ஓட்டோவில் திரும்பும்போது நான் துண்டை எடுத்து அவருடைய மடியில் வைத்தேன். அவர் முறிந்த முகத்தைப் பார்த்தார். விரலால் சேற்றைத் தொட்டார்.

"அக்கா, ஒண்டு இல்லை. ஒன்பது விழுந்தது."

அவர் ஏசியிருந்தால் நான் அன்றைக்கே மறந்திருப்பேன். "மிச்சம் எட்டும் எங்கை?" என்று மட்டும் கேட்டார்.

ஐந்து வளவிலேயே நின்றன. ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பார்த்தார். ஒன்றில் பிறேக் கம்பி நசுங்கியிருந்தது. மற்றவற்றில் கீறல்கள். சொந்தக்காரர் வரவர, என்ன விழுந்தது, எப்படி விழுந்தது என்று தானே சொன்னார். ஐந்து பேரும் ஏசினார்கள். இரண்டு பேர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள், வாடிக்கையான ஆட்கள், மறுநாள் காலையில் வந்தார்கள். அவர்களுக்கும் சொன்னார்.

எட்டாவது ஒரு சிவப்பு ஸ்கூட்டர். அன்றைக்கு மட்டும் வந்த பெண். கையில் ஆஸ்பத்திரிப் பைல் வைத்திருந்தாள். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்.

"எந்தப் பக்கமா விழுந்தது?" என்று அக்கா கேட்டார்.

"தெரியேல்லை."

"லீவரோ, கைபிடியோ, சில்லோ?"

"நான் சேற்றைத் துடைச்சு விட்டனான். பாக்கேல்லை, அக்கா."

"எந்தப் பக்கம் திரும்பிப் போனவ?"

"பாக்கேல்லை."

"பாக்கேல்லை," என்று அவரும் சொன்னார், ஏதோ புதிய சொல்லைப் பழகுவது போல.

அவள் திரும்பி வரவில்லை. அக்கா காலையில் கிளினிக் வரிசையில் போய் நின்று கேட்டுப் பார்த்தார். சிவப்பு ஸ்கூட்டர் உள்ளவர்கள் அவரைக் கண்டு பயந்து போனார்கள். அவசர சிகிச்சை வாசலில் ஓட்டோ வந்து நின்றால் இங்கே வெண்கட்டியை வைத்துவிட்டுப் போவார். ஆட்கள் காயக்காரரைப் பார்க்க, அவர் கூட்டிவந்தவரிடம், "என்ன நிறம்?" என்று கேட்பார். ஒருநாள் செத்தவரின் தமையன் அவரைத் தள்ளிவிட்டார். விழுந்து எழும்பி மறுபடி கேட்டார்.

என்னை வேலையை விட்டு நிற்பாட்டவில்லை. "நீர் இனி வாசலிலை நிக்கவேண்டாம், தம்பி. வாறதை நான் பாக்கிறன்," என்றார். மூன்று கிழமை உள்ளே நின்றேன். பிறகு சொல்லாமல் போய்விட்டேன். இரண்டு வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது வளவில் மூன்று மாடிக் கடை எழும்பியிருந்தது. அவர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் இப்போது மறுபடி வல்வெட்டித்துறையில், கரையில் கிழிந்த வலை பொத்துகிறேன். போன கிழமை தேத்தண்ணிக் கடையில் ஒருவர், பருத்தித்துறைப் பக்கம் பஸ்ஸுக்குள் ஒரு ஸ்கூட்டர் போய்விட்டதாம், பிறேக் பிடிபடவில்லையாம் என்றார்.

"என்ன நிறம்?" என்றேன்.

கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணியை நிறுத்தினார். "ஒரு மனிசி சாகக் கிடக்குது, நீர் நிறம் கேக்கிறீர். தெரிஞ்ச ஆக்களோ?"

"தெரியாது," என்றேன்.